மீட்பவரின் மூச்சு

நீரில் மூழ்குதல் ஒரே நொடியில் நேர்ந்து முடிவதன்று. நீர் வாயையும் மூக்கையும் மூடி மூச்சைத் தடுக்கத் தொடங்கும் கணத்திலிருந்து, அத்தடை நீங்கும் வரையிலோ உயிர் பிரியும் வரையிலோ நீளும் தொடர்நிகழ்வாகவே மருத்துவம் அதனைக் கருதுகிறது. 2002-ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் கூடிய உலக மாநாடு இவ்வாறு வரையறுத்த பின்னர், இறந்தவர், பிழைத்தவர், பிழைத்தும் மூளை பாதிக்கப்பட்டவர் ஆகிய மூவகையினரையும் ஒரே நிகழ்வின் வெவ்வேறு முடிவுகளாகப் பார்க்கும் வழக்கம் நிலைபெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் மட்டும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். இக்கணக்கில் தனித்து எண்ணப்படாத ஒரு பிரிவினர் உண்டு: தாம் தவறி விழாமல், தவறி விழுந்த மற்றொருவரைக் காப்பாற்றக் குதித்து, அவருடன் சேர்ந்தோ அவருக்குப் பதிலாகவோ இறந்தவர்கள். ஆற்றிலும் குளத்திலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர் மூவர் இறந்ததாக நாளிதழ்களில் வரும் செய்திகள் பலவற்றின் பின்னணி இதுவே. இறந்தவர் படைவீரராக இருப்பின் அச்செயல் வீரம் என்று போற்றப்படுகிறது. போற்றப்படுவது முறையும் ஆகும். ஆனால் அவ்வீரம் எந்த இயற்பியல் விதிகளை எதிர்த்து நிற்கிறது, கையில் எது இருந்தால் அது உயிரோடு கரை திரும்பும் என்பன பேசப்படுவது அரிது. இவற்றை ஆராயத் தூத்துக்குடிக் கடற்கரை பொருத்தமான இடம். ஏனெனில், மூழ்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள், தம்மை மேலே கொண்டுவரும் பொறுப்பை மற்றொருவர் கையில் முறைப்படி ஒப்படைத்த வழக்கம் அங்கு பல நூற்றாண்டுகள் நிலவியது.

மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையோரம், தூத்துக்குடிக்கு எதிரே, கடலடியில் பரந்து கிடக்கும் பாறைத் திட்டுகளை மீனவர்கள் 'பார்' என்பர். தோலாயிரம் பார் போன்ற பெயர்பெற்ற பார்களில், ஏறத்தாழ 10 பாகம் ஆழத்தில், அதாவது 18 மீட்டர் அளவில், முத்துச்சிப்பிகள் திரளாகப் படிந்து வளர்ந்தன. சிப்பிகள் போதிய முதிர்ச்சி அடைந்த ஆண்டுகளில் மட்டும், வாடைக்காற்று ஓய்ந்து தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன்னுள்ள அமைதியான மாதங்களில், அரசின் அறிவிப்புக்குப் பின் நடைபெற்ற கூட்டு முத்துக்குளிப்புக்குச் 'சலாபம்' என்று பெயர். தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது. சிப்பிகள் அருகியதால் அதன்பின் நடைபெறவில்லை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி மையம் 1973-இல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியபோது, கடலடிக்கு இறங்கும் குளியாளியின் காலம் ஏற்கெனவே முடிந்திருந்தது எனலாம்.

சலாபங்களைக் கண்டவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகளிலிருந்து, குறிப்பாகச் சென்னை மாகாண மீன்வளத்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் போன்றோர் எழுதியவற்றிலிருந்து, அத்தொழிலின் முறை தெளிவாகத் தெரிகிறது. ஒரு குளிகல்லுக்குக் குளியாளிகள் இருவர். ஒருவர் கீழே இருக்க மற்றவர் படகில் இளைப்பாறுவார். ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ எடையுள்ள அக்கல்லைக் கட்டிய கயிற்றின் கண்ணியில் காலை நுழைத்து, மூச்சை இழுத்து அடக்கி, கல்லின் எடையோடு குளியாளி நேரே கடலடிக்கு இறங்குவார். அடியைத் தொட்டதும் அவர் காலை விடுவிக்க, படகிலிருப்பவர் கல்லை மேலே இழுத்துக்கொள்வார். குளியாளியுடன் கீழே இருப்பது சிப்பிகளைச் சேர்க்கும் வலைப்பையும் அதனைப் படகோடு இணைக்கும் இரண்டாவது கயிறும் மட்டுமே. ஒரு நிமிடம் அல்லது சற்றே கூடுதலான நேரத்தில் அவர் அக்கயிற்றைச் சுண்டுவார். சுண்டியவுடன் மேலிருப்பவர் விரைந்து இழுக்க, கயிற்றைப் பற்றியபடி அவர் எழுவார். கயிற்றைப் பிடிப்பவர் குளியாளியின் மைத்துனராகவே இருப்பார், தன் உடன்பிறந்தாளின் தாலிக்கு அவரே காவல் என்பதால், என்றொரு செய்தி தமிழகத்தில் பரவலாகச் சொல்லப்படுகிறது. நூற்றுக்கணக்கான படகுகள் திரண்ட சலாபத்தில் ஒவ்வொரு கயிற்றுக்கும் ஒரு மைத்துனர் கிடைத்திருப்பாரா என்பது ஐயமே. ஆயினும், மூழ்கியவரின் உயிர் மேலே இருப்பவரின் கவனத்தில் இருக்கிறது என்ற தொழிலறிவு அச்செய்தியில் பதிந்திருக்கிறது.

அக்கவனம் ஏன் அத்துணை இன்றியமையாதது என்பதை அழுத்தம் பற்றிய கணக்கு விளக்கும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. ஆகவே 18 மீட்டரில் உடலின் மீது 2.8 வளிமண்டல அழுத்தம் இருக்கும். மேலே 6 லிட்டர் காற்று நிறைந்திருந்த நுரையீரல் அங்கு இரண்டு லிட்டரைச் சற்றே தாண்டிய கொள்ளளவுக்குச் சுருங்குகிறது. அடைபட்ட காற்றிலுள்ள ஆக்சிஜன் சதவீதம் குறைந்துகொண்டே வந்தாலும், அழுத்தம் மிகுந்திருப்பதால் அந்த ஆக்சிஜன் இரத்தத்துக்குள் தடையின்றிச் செல்கிறது. ஒரு கலவையில் ஒவ்வொரு வாயுவும் தனித்துச் செலுத்தும் அழுத்தத்தைப் 'பகுதி அழுத்தம்' என்பர். இரத்தம் உணர்வது சதவீதத்தை அன்று, பகுதி அழுத்தத்தையே. நுரையீரலில் ஆக்சிஜன் 4 சதவீதமாகக் குறைந்துவிட்ட நிலையிலும் 18 மீட்டர் ஆழத்தில் அதன் பகுதி அழுத்தம் பாதரச அளவில் 80 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கும். குளியாளிக்குத் தெளிவு குன்றாது. அதே காற்றோடு அவர் மேற்பரப்பை நெருங்கும்போது அது 30 மில்லிமீட்டருக்கும் கீழே விழுகிறது. மூளை நினைவிழக்கும் எல்லை அதுவே. எனவே மூச்சடக்கி மூழ்குபவருக்குப் பேராபத்து கடலடியில் இல்லை, வெளிச்சம் தெரியத் தொடங்கும் கடைசிச் சில மீட்டர்களில்தான் இருக்கிறது. மூழ்குமுன் வேகமாகப் பலமுறை மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியேற்றிக்கொள்வோருக்கு இவ்வாபத்து இன்னும் மிகுதி. மூச்சுவிட வேண்டும் என்ற தவிப்பை எழுப்புவது ஆக்சிஜன் குறைவு அன்று, கரியமில வாயுவின் பெருக்கமே என்பதால், அவர்கள் தவிப்பை உணராமலேயே நினைவிழக்கின்றனர். இதனை அமெரிக்க உடலியல் அறிஞர் ஆல்பர்ட் கிரெய்க் ஆய்விதழில் விளக்கிய ஆண்டு, தற்செயலாக, தூத்துக்குடியின் கடைசிச் சலாபம் நடந்த அதே 1961.

இக்கணக்கு எழுதப்படுவதற்குப் பன்னெடுங்காலம் முன்பே கயிறு பிடித்தவரின் கை அதற்குரிய விடையைச் செய்துகொண்டிருந்தது. காலை உதைத்துத் தாமாக மேலேறும் குளியாளி எஞ்சிய ஆக்சிஜனைத் தசைகளில் செலவிடுகிறார். இழுத்து ஏற்றப்படுபவர் அதனை மூளைக்கு மிச்சப்படுத்துகிறார். மேலும், அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்பதைத் தேட வேண்டியதில்லை. கயிறு அதனைச் சொல்லும். குறிப்பு வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால், குறிப்பின்மையே குறிப்பாகிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இம்முறையில் மீட்பவர் படகின் மீது உறுதியாக நின்று, தடையின்றி மூச்சுவிட்டுக்கொண்டே மீட்கிறார். இக்கட்டுரை மீண்டும் மீண்டும் வந்து நிற்கப்போவது இவ்விடத்தில்தான். சுறாவின் வாயைக் கட்டும் மந்திரக்காரர்களுக்குக் குளிப்பில் கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அளிக்கப்பட்டதாக மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அப்பங்குக்கு உண்மையில் உரியவர் கயிறு பிடித்தவரே.

மேற்பரப்பில் தத்தளிப்பவரின் நிலை வேறு. மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்திக்கு மிக அருகில் இருப்பதால், மிதத்தலும் அமிழ்தலும் மயிரிழை வேறுபாட்டில் முடிவாகின்றன. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் மிதப்பர். மூச்சை முழுதும் வெளிவிட்டால் பெரும்பாலோர் நன்னீரில் அமிழ்வர். கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் அடர்த்தி மிக்கது; அதனால் 70 கிலோ எடையுள்ள ஒருவரைக் கடல்நீர் கூடுதலாக ஒன்றே முக்கால் கிலோ அளவுக்குத் தாங்கிப் பிடிக்கிறது. இத்தொகை சிறியதாகத் தோன்றலாம். ஆனால் நீந்தத் தெரியாதவர் நீருக்கு மேலே நிறுத்த முயலும் தலையின் எடையே 5 கிலோ. கைகளை உயர்த்தி உதவி கேட்டால் அக்கைகளின் எடையும் சேர்ந்து அவரைக் கீழே அழுத்தும். தாமிரபரணியில் மிதக்க இயலாதவர் முத்துநகர்க் கடற்கரையில் சற்று எளிதாக மிதப்பது இதனால்தான். அலை முகத்தில் அடிக்கும்போது அவ்வெளிமை பயனற்றுப் போவதும் உண்டு.

திரைப்படங்களில் மூழ்குபவர்கள் கையசைத்துக் கூவுகின்றனர். உண்மையில் மூழ்குதல் பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்கிறது. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராகப் பணியாற்றிய ஃபிராங்க் பியா 1970-களில் படம் பிடித்து ஆராய்ந்து காட்டியபடி, மூச்சுக்குத் திணறுபவரின் உடல் நீரில் செங்குத்தாக நிற்கிறது. கைகள் பக்கவாட்டில் விரிந்து நீரைக் கீழ்நோக்கி அழுத்துகின்றன. வாய் நீருக்கு மேலே வரும் குறுகிய கணத்தில் மூச்சை வெளிவிட்டு உள்ளிழுக்கவே நேரம் போதாது, கூவுவதற்கு இடமேது? 20 முதல் 60 நொடிகளுக்குள் அவர் மூழ்கிவிடுகிறார். இக்கட்டத்தில் அவருடைய கைகள் அவருடைய விருப்பத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. அருகில் வரும் எதனையும் அவை கீழ்நோக்கி அழுத்தி, அதன்மேல் உடலை ஏற்ற முயல்கின்றன. அப்பொருள் ஒரு மிதவையாக இருந்தால் இருவரும் பிழைப்பர், காப்பாற்ற வந்தவரின் தலையாக இருந்தால் இருவரும் மூழ்குவர். நன்றியறியாமையோ பேராசையோ இதற்குக் காரணமன்று. மூச்சு அற்ற மூளையின் அடித்தளம் இடும் கட்டளை அது. இவ்வாறு பிடிபட்ட மீட்பவருக்குப் பயிற்சியாளர்கள் சொல்லும் வழி வியப்பளிப்பது: விலக்கிக்கொள்ளப் போராடாமல், மூச்சை அடக்கி நீருக்குள் மேலும் கீழே செல்ல வேண்டும். மூழ்குபவரின் உடல் தேடுவது மேற்பரப்பை ஆதலால், கீழே செல்லும் பொருளை அது தானாகவே விட்டுவிடுகிறது.

இனி, ஓடும் நீர். 2025 மே 22 அன்று வடக்கு சிக்கிமில், முன்னணி முகாம் ஒன்றுக்குச் செல்லும் வழியைத் திறக்கச் சென்ற ரோந்துக் குழுவுக்குச் சிக்கிம் ஸ்கவுட்ஸ் படைப்பிரிவின் லெப்டினன்ட் ஷஷாங்க் திவாரி தலைமை தாங்கினார். அவருக்கு வயது 23. அதிகாரியாகப் பொறுப்பேற்று ஆறு மாதங்கள்கூட நிறைவடையவில்லை. மரக்கட்டைப் பாலத்தைக் கடக்கும்போது குழுவைச் சேர்ந்த அக்னிவீர் ஒருவர் கால் தவறி மலையாற்றில் விழுந்து அடித்துச் செல்லப்பட, திவாரி தயங்காமல் நீரில் குதித்தார். அவரைத் தொடர்ந்து மற்றொரு வீரரும் குதித்தார். விழுந்தவர் காப்பாற்றப்பட்டார். திவாரியை வெள்ளம் இழுத்துச் சென்றது. ஏறக்குறைய அரை மணி நேரத்துக்குப் பின், 800 மீட்டர் கீழே அவருடைய உடல் கிடைத்தது. அவ்வாண்டு விடுதலை நாளையொட்டி அறிவிக்கப்பட்ட விருதுகளில், அமைதிக்கால வீரத்துக்கு நாடு அளிக்கும் இரண்டாவது உயரிய விருதான கீர்த்தி சக்கரம் அவருக்கு, மறைவுக்குப் பின், வழங்கப்பட்டது. எதிரியின் குண்டு இன்றி, ஒரு தோழனின் உயிருக்காக ஓர் ஓடையில் செய்யப்பட்ட செயலைப் போர்க்களச் செயல்களுக்கு இணையாக வைத்த அம்முடிவு சரியானது. ஏனெனில், இமயமலையின் பனியுருகி ஓடும் நீரில் குதிப்பவர் எதிர்கொள்ளும் விசைகள் துப்பாக்கிக்குக் குறைந்தவை அல்ல.

அவ்விசைகளுள் முதலாவது நீரின் தள்ளுவிசை. ஓடும் நீர் தன் வழியிலுள்ள உடலைத் தள்ளும் விசை, நீரின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் அன்று, வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. அதாவது வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது மடங்காகும். நீரை நோக்கி நிற்கும் உடலின் பரப்பு அரைச் சதுர மீட்டர் எனக் கொண்டால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் அதனை ஏறக்குறைய 25 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும். ஒருவர் அதனைத் தாங்கி நிற்கலாம். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் அவ்விசை 225 கிலோவைத் தாண்டுகிறது. பாறையையோ கிளையையோ பற்றிய எந்தக் கையாலும் அதனைத் தாங்க இயலாது. எதிர்த்து நீந்துவது பற்றிப் பேசவே வேண்டாம்: 50 மீட்டரை 21 நொடியில் கடக்கும் உலகின் மிகச் சிறந்த வீரர்களின் வேகமே நொடிக்கு 2.4 மீட்டர்தான், அதுவும் நீச்சல் குளத்தில், நீச்சல் உடையில். படைவீரர் அணிந்திருப்பதோ கனத்த உடையும் காலணியும். நனைந்த உடை நீருக்குள் எடையாக அழுத்துவதில்லை, அதிலுள்ள நீர் நீரிலேயே எடையிழந்து நிற்பதால். ஆனால் ஒவ்வொரு கைவீச்சையும் காலுதைப்பையும் அது எதிர்த்து இழுக்கிறது, கரையேற முயலும்போது முழு எடையும் திரும்ப வந்து சேர்கிறது.

இரண்டாவது, குளிர். நீர் உடல் வெப்பத்தைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு விரைவாகக் கடத்தும். மன்னார் வளைகுடாவின் நீர் ஆண்டு முழுவதும் 25 பாகை செல்சியசுக்கு மேலேயே இருப்பதால், தூத்துக்குடியில் கடலில் விழுந்தவர் மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம். பனியுருகி ஓடும் ஆற்றிலோ முதல் நிமிடமே தீர்மானிக்கிறது. தோல் திடீரெனக் குளிர்ந்ததும் உடல் தன்னையறியாமல் ஆழ்ந்த மூச்சொன்றை உள்ளிழுக்கிறது. தொடர்ந்து மூச்சு கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கிறது. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் ஏறுகின்றன. இதனைக் குளிர் அதிர்ச்சி என்பர். அந்த முதல் மூச்சு நீருக்கடியில் நிகழ்ந்தால் நீரே உள்ளே செல்லும். அதிர்ச்சி தணிந்தாலும் சில நிமிடங்களில் கை விரல்கள் விறைத்துப் பற்றும் வலிமையை இழக்கின்றன. தூக்கி எறியப்பட்ட கயிற்றைக் கண்டும் பிடிக்க முடியாமல் போவது இக்கட்டத்தில்தான். உடல் முழுவதும் குளிர்ந்து இறப்பதற்கு அரை மணிக்கும் மேல் ஆகும் என்றாலும், அத்தனை நேரம் பிழைத்திருப்பவர் சிலரே.

இவ்வளவும் தெரிந்திருந்தும் ஒருவர் குதிப்பது ஏன் என்ற வினாவுக்கு உடலியல் முழு விடை தராது. பயிற்சி, தலைமைப் பொறுப்பு, ஒரே தட்டில் உண்ட உறவு ஆகியவை அறிவு கணக்கிட்டு முடிப்பதற்குள் காலை நகர்த்திவிடுகின்றன. அத்தகைய கணத்தில் 'குதிக்காதே' என்ற அறிவுரை பயன்படாது. குதிப்பதற்கு மாற்றாகச் செய்வதற்கு ஒன்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் மட்டுமே பயன்படும். உலகெங்கும் உயிர்காப்புப் பயிற்சியில் கற்பிக்கப்படும் வரிசையும் இதனை அடிப்படையாகக் கொண்டது: முதலில் கரையில் படுத்தபடி கழி, துணி, துடுப்பு எதையாவது எட்டிக்கொடுப்பது, எட்டாவிட்டால் கயிற்றையோ மிதவையையோ எறிவது, அதுவும் இயலாவிட்டால் படகில் செல்வது, நீந்திச் செல்வது கடைசி வழி, அதுவும் ஒரு மிதவையை இருவருக்கும் இடையே வைத்துக்கொண்டு. மலையாறுகளில் நீர்மீட்புப் பயிற்சி பெற்றவர்கள், 15 முதல் 20 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் கயிறு சுருட்டி வைத்த சிறு பையொன்றை இடுப்பில் கட்டியிருப்பர். கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு பையை எறிந்தால், பறக்கும்போதே கயிறு சிக்கலின்றி அவிழ்ந்து செல்லும். ஓடையைக் கடக்கும் ஒவ்வொரு ரோந்துக் குழுவிலும் ஒருவர் கடக்காமல் கீழ்ப்புறக் கரையில் அப்பையோடு நிற்பாராயின், அவர் செய்வது சலாபப் படகில் கயிறு பிடித்தவர் செய்த வேலையே ஆகும்.

கயிற்றின் இழையும் இங்கே பொருட்படுத்தத்தக்கது. நைலான் நீரைவிட அடர்த்தி மிக்கது. அது அமிழ்ந்துவிடும், தத்தளிப்பவரின் கைக்குத் தட்டுப்படாது. பாலிப்ரொப்பிலீன் கயிற்றின் அடர்த்தி நீரைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. அது மேற்பரப்பிலேயே கிடக்கும். தூத்துக்குடி வ.உ. சிதம்பரனார் துறைமுகத்துக்கு வரும் ஒவ்வொரு வணிகக் கப்பலின் பக்கவாட்டிலும் தொங்கும் வளைய மிதவையும் அதனுடன் கட்டிய மிதக்கும் கயிறும் பன்னாட்டு விதிகளால் அளவிடப்பட்டவை: 14.5 கிலோ இரும்பைக் கட்டி நன்னீரில் விட்டால் 24 மணி நேரம் மூழ்காமல் இருக்க வேண்டும் என்பது அவ்வளைய மிதவைக்குரிய சோதனை. கப்பலிலிருந்து ஒருவர் கடலில் விழுந்தால் அதனை எறிவதோடு, ஒருவர் வேறெந்த வேலையும் செய்யாமல், விழுந்தவரை விட்டுக் கண்ணை எடுக்காமல், கையால் சுட்டிக்கொண்டே நிற்க வேண்டும் என்பதும் கப்பல் வழக்கம். அலைகளுக்கிடையே ஒரு மனிதத் தலை ஒருமுறை பார்வையிலிருந்து மறைந்தால் மீண்டும் கண்டுபிடிப்பது எளிதன்று. யாரும் உடனே குதிப்பதில்லை. அதனைக் கோழைத்தனம் என்று எந்த மாலுமியும் சொல்லமாட்டார்.

கப்பலில் உள்ள வசதி ஆற்றுப் படித்துறையில் இல்லை என்று சொல்லப்படலாம். ஆனால் நீருக்கு மேலே தலையை நிறுத்தத் தேவைப்படுவது 5 கிலோ அளவிலான மிதப்பு விசை மட்டுமே என்பது முன்னர்க் கூறப்பட்டது. மூடியை இறுக மூடிய 5 லிட்டர் வெற்றுக் கேன் அதனைத் தரும். வீடுகளில் குடிநீருக்குப் பயன்படும் 20 லிட்டர் கேன் அதைப்போல் நான்கு மடங்கு தரும். தூத்துக்குடித் துறைமுகத்தின் இரு அலைதடுப்புச் சுவர்களில் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் நீளம் கடலுக்குள் செல்கிறது. அத்தகைய கற்சுவர்களின் ஓரத்தில் விழுந்தவரைக் கல்லில் மோதும் அலைக்குள் இறங்கி மீட்க முயல்வதைவிட, கயிற்றில் கட்டிய கேனை எறிந்து, அலையில்லாப் பக்கத்துக்கு இழுத்துச் செல்வதே இருவருக்கும் நல்லது. மீனவர்கள் 'நீவாடு' என்று குறிக்கும் கடலோட்டம் கரைக்கு இணையாக ஓடும்போது, விழுந்தவர் விழுந்த இடத்தில் இருக்கமாட்டார் என்பதால், கேனை எறிபவரும் ஓட்டத்தின் திசையை அறிந்து முன்னே சென்று எறிய வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் மழை பெய்து, தாமிரபரணி கரைபுரண்டு, திருச்செந்தூரிலிருந்து சென்னை செல்லும் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளுடன் நின்றுபோனபோது, முப்படையினரும் கடலோரக் காவல் படையினரும் பேரிடர் மீட்புப் படையினரும் தூத்துக்குடி மாவட்டத்துக்குள் இறங்கினர். மீனவர்களின் படகுகளும் கடலை விட்டுத் தெருக்களுக்கு வந்தன. முழங்கால் அளவு நீர்தானே என்று சாலையைக் கடக்கத் துணிவோருக்கு மேலே கூறிய வர்க்க விதி அங்கும் பொருந்தும்: நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடும் நீர் இரு கால்களின் மீது மட்டும் ஏறக்குறைய 30 கிலோ எடைக்குச் சமமான விசையைச் செலுத்துகிறது, அதே நேரத்தில் மிதப்பு விசை உடலின் எடையைக் குறைத்து, தரையோடு காலுக்குள்ள பிடிப்பையும் தளர்த்துகிறது. மீட்புக் குழுவினர் அத்தகைய நீரில் இடுப்புக் கயிறும் மிதவை உடுப்பும் இன்றி இறங்குவதில்லை. அவர்களைவிட மன உறுதி மிக்க ஊர் இளைஞர் இறங்கினால் அவரிடம் இல்லாதது வீரமன்று, அவ்விரு பொருள்களே.

மூழ்கியவரை வெளியே கொண்டுவந்த பின் தொடங்கும் பணி, நம் ஊர்களில் பெரும்பாலும் தவறாகவே நடக்கிறது. மூழ்கியவரின் வயிற்றில் நீர் நிறைந்து அதனால் உயிர் போகிறது என்ற எண்ணத்தில், அவரைத் தலைகீழாகத் தூக்குவதும், தோளில் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் இன்றும் காணப்படுகின்றன. இத்தவறு தமிழகத்துக்கு மட்டும் உரியதன்று. 1767-இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1774-இல் லண்டனிலும் மூழ்கியோரை மீட்பதற்கென்றே தோன்றிய சங்கங்கள், புகையிலைப் புகையை ஆசனவாய் வழியே செலுத்துவதைக் கூடப் பரிந்துரைத்தன. குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்தும் முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பாடநூல்களில் இருந்தது. 1950-களின் இறுதியில் ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சஃபார் ஆகிய மருத்துவர்கள், வாயோடு வாய் வைத்து ஊதும் மூச்சே போதிய ஆக்சிஜனைத் தரும் என்று ஆய்ந்து நிறுவிய பின்னரே அது மறைந்தது. உண்மையில் மூழ்குபவரின் நுரையீரலுக்குள் செல்லும் நீர் பெரும்பாலும் சிறிதளவே: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3, 4 மில்லிலிட்டரைத் தாண்டுவது அரிது. நன்னீரா உப்புநீரா என்பதால் இரத்தத்தின் உப்புகள் மாறி இறப்பு நேர்கிறது என்ற பழைய கருத்தும் இதனால் வலுவிழந்தது. அச்சிறிதளவு நீர், காற்றறைகளைச் சுருங்காமல் விரித்து வைத்திருக்கும் மெல்லிய நுரைப்படலத்தைக் கலைத்துவிடுவதே கேடு. அறைகள் ஒட்டிக்கொள்ள, அவற்றைச் சுற்றி ஓடும் இரத்தம் ஆக்சிஜன் இன்றித் திரும்புகிறது.

எனவே மூழ்கியவருக்கு முதல் தேவை நீரை வெளியேற்றுவது அன்று, காற்றை உள்ளே செலுத்துவது. திடீரென இதயம் நின்று விழுந்தவரின் இரத்தத்தில் ஆக்சிஜன் மிச்சமிருக்கும், ஆகவே அவருக்கு மார்பை அழுத்துவது மட்டுமே தொடக்கத்தில் போதுமானதாக இருக்கலாம். மூழ்கியவரின் இதயம் நின்றதே ஆக்சிஜன் தீர்ந்ததால்தான் என்பதால், அழுத்தத்தோடு மூச்சும் கட்டாயம் வேண்டும். மூச்சில்லாமல் கிடப்பவரை மல்லாக்கப் படுக்க வைத்து, தலையைப் பின்னே சாய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, மார்பு உயர்வதைப் பார்த்தவாறே முதலில் ஊதுதல் வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல் ஐந்து முறை என்றும் அமெரிக்க வழிகாட்டுதல் இரண்டு முறை என்றும் கூறுகின்றன. அதன்பின் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில், மார்பின் நடுவே, ஏறக்குறைய 5 செ.மீ. ஆழம் அழுந்துமாறு 30 அழுத்தங்கள், தொடர்ந்து இரண்டு மூச்சு என உதவி வரும் வரை தொடர வேண்டும். வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும்; அதனைத் துடைக்க நின்று நேரத்தை இழக்கலாகாது. ஆக்சிஜன் இன்றி 4 முதல் 6 நிமிடங்களில் மூளைக்கு மீளாச் சேதம் தொடங்கும் ஆதலால், வண்டி வரட்டும் என்று காத்திருப்பது காப்பாற்றாமல் இருப்பதற்குச் சமம்.

கண் திறந்து எழுந்து உட்கார்ந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவதும் நேர்கிறது, அது கூடாது. உள்ளே சென்ற நீரின் விளைவு சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறலாக வெளிப்படக்கூடும் என்பதால், இருமலோ நுரையோ மயக்கமோ காணப்பட்ட எவரும் மருத்துவமனையில் ஆறு முதல் எட்டு மணி நேரமாவது கண்காணிக்கப்பட வேண்டும். தோழனைக் கரை சேர்த்தவரும் அப்போராட்டத்தில் நீரை உள்ளிழுத்திருப்பார், ஆனால் எல்லோருடைய கண்ணும் மற்றவர் மீது இருப்பதால் தம் இருமலை அவர் பொருட்படுத்தமாட்டார். 108 வண்டி வரும்போது இருவரையும் அதில் ஏற்றுங்கள்.